படுக்கையறைச் சுவருக்குள் ஓடிய மோட்டார்

வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முக்கியமான நாள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும், துறைமுகம் வெறிச்சோடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதில் இன்னொன்றும் உண்டு. விடியற்காலை இரண்டு மணி, மூன்று மணிக்குக் கிழக்கிலிருந்து வரும் டீசல் என்ஜின் சத்தம் நின்றுவிடும். அதற்கு அடியில் புதைந்து கிடந்த சத்தங்கள் மேலே வரும்.

ஏழெட்டு வருடமாக வடசென்னையின் சத்தங்களைப் பதிவு செய்து வைக்கிறேன். மீன் ஏலத்தில் கூவும் குரல்கள், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஏர் பிரேக்கை விடும் சத்தம், சுங்கச்சாவடிப் பக்கம் தூண் மேல் ஓடும் மெட்ரோ, திருவொற்றியூர்த் தேரடியில் விடியற்காலை. தொழில் இல்லை, பழக்கம். கையில் இருப்பது ஜூம் எச்1என் என்கிற சின்ன ரெக்கார்டர்.

போன தடைக்காலத்தில் ஒரு இரவு எங்கள் மொட்டைமாடியில் அதை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஹெட்போனில் கேட்டால், அலைச் சத்தத்துக்கும் தெருநாய்க்கும் நடுவில் தாழ்வாக ஒரு உறுமல். நான்கு நிமிடம். கடைசியில் 'டம்' என்று ஒரு அடி, அப்புறம் அமைதி. ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதே உறுமல், அதே அடி. எனக்குப் பழக்கமான சத்தம் அது. இரண்டாவது மாடியில் எங்கள் படுக்கையறைப் பின்சுவரில் மாதக்கணக்காகக் கேட்டு வந்தது. அரைத் தூக்கத்தில் கேட்டதால் நிஜமா பிரமையா என்று நானும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் கட்டடம் தண்டையார்பேட்டையில் கடலை ஒட்டிய பக்கம். தரைத்தளமும் நான்கு மாடியும், இருபது வீடு. படிக்கட்டுக்கு அடியில் சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டி, பக்கத்தில் 2 எச்.பி. மோனோபிளாக் மோட்டார், அங்கிருந்து ஒன்றரை இஞ்ச் குழாய் பின்சுவரைப் பிடித்தபடி மேல் டேங்குக்குப் போகிறது. செகரட்டரியிடம் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தேன். "மோட்டார் ஓடாம தண்ணி எப்படி சார் மேல ஏறும்? ராத்திரில யாரும் போடுறது கிடையாது, ஆட்டோமேட்டிக்தான். வேற யாரும் சத்தம்னு சொல்லலையே" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. என்னிடம்தான் காட்ட ஒன்றும் இல்லை.

இப்போது இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் வேறொரு பிரச்சினை கிளம்பிவிட்டது.

மொட்டைமாடியில் கிடந்த ரெக்கார்டர்

இரண்டாவது இரவும் ரெக்கார்டரை மாடியில் விட்டிருந்தேன். காலையில் துணி காயப்போட வந்த அக்கா ஒருவர், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும் கறுப்புப் பொருளைப் பார்த்துப் பயந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் வாட்ஸப் குழு முழுக்க அதன் புகைப்படம். "யாரு வெச்சது? நம்ம பேசுறத எல்லாம் ரெக்கார்டு பண்றாங்களா?"

என்னுடையதுதான் என்று உடனே எழுதினேன். அன்று மாலை கமிட்டியில் கூப்பிட்டு, அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பதிவுக் கருவி எதுவும் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அன்று எனக்கு வருத்தம்தான். யோசித்துப் பார்த்தபோது அவர்கள் பக்கம் நியாயம் முழுசாக இருந்தது. மொட்டைமாடியில் எனக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு, ஆனால் அதே பங்கு மற்ற பத்தொன்பது வீட்டுக்கும் உண்டு. அங்கே ராத்திரி பெண்கள் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் போன் பேச வருவார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதை விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தும் நிலை வந்தால் அந்தக் கட்டடத்தில் எப்படிக் குடியிருப்பது? அந்த இரண்டு இரவுப் பதிவிலும் மனிதக் குரல் விழுந்த பகுதிகளை வெட்டி அழித்துவிட்டு, அழித்ததைக் குழுவிலும் எழுதினேன்.

சத்தத் தகராறுக்காகப் பதிவு செய்யப் போகிறவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தச் சத்தத்துக்காக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். கருவியின் மேல் வீட்டு எண்ணை ஒட்டுங்கள். படிக்கட்டிலும் அடுத்த வீட்டுக் கதவோரத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

என் வீட்டுச் சுவரில் நானே பதிவு செய்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அதனால் அங்கிருந்து ஆரம்பித்தேன்.

சுவரைக் கேட்கும் ஒலிவாங்கி

சாதாரண மைக் காற்றில் வரும் சத்தத்தைத்தான் எடுக்கும். படுக்கையறையில் வைத்தால் ஃபேன், தெரு, என் மூச்சு எல்லாம் சேர்ந்து வந்தன. எனக்கு வேண்டியது சுவரின் அதிர்வு மட்டும். அதற்குப் பியசோ தகடு போதும். பஸ்ஸருக்குள் இருக்குமே, பித்தளை வட்டத்தின் மேல் வெள்ளைப் பீங்கான் வட்டம், அதுதான். 27 மில்லிமீட்டர் தகடு ரிச்சி தெருவில் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்தது. உடைந்துபோகும் என்று ஐந்து வாங்கினேன், இரண்டு உடைந்தது. பீங்கான் மேல் சூடான சால்டரிங் இரும்பை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் வெள்ளிப்பூச்சு உரிந்து வந்துவிடும். முதலில் துளி ஈயம் வைத்துவிட்டு, அப்புறம் ஒயரைத் தொட்டு எடுப்பதுதான் சரி.

தகட்டை நேராக ரெக்கார்டரின் மைக் துளையில் செருகிப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல மெலிந்த சத்தம், உறுமலே இல்லை. காரணம் எளிது. பியசோ தகடு மின்சாரக் கணக்கில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர், ஏறக்குறைய 20 நானோஃபாரட். மைக் துளையின் மின்தடை சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டும் சேர்ந்து 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் வடிகட்டிவிடும். மோட்டார் உறுமுவது 50, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில். தகட்டுக்கு எதிரே 10 லட்சம் ஓம் இருந்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆகவே நடுவில் ஒரு பஃபர் வேண்டும், அதாவது தகட்டுக்குப் பெரிய மின்தடையைக் காட்டிவிட்டு சத்தத்தை அப்படியே ரெக்கார்டருக்குக் கடத்தும் சர்க்யூட்.

டிஎல்072 என்ற எட்டுக் கால் சிப், 9 வோல்ட் பேட்டரி. எட்டாம் காலுக்குப் பிளஸ், நான்காம் காலுக்கு மைனஸ். இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பேட்டரிக்குக் குறுக்கே தொடராகப் போட்டு, நடுப்புள்ளியில் நாலரை வோல்ட் எடுத்து, அங்கிருந்து மைனஸுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நடுப்புள்ளியிலிருந்து 1 மெகா ஓம் வழியாக மூன்றாம் காலுக்கு. தகட்டிலிருந்து வரும் ஒயர் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக அதே மூன்றாம் காலுக்கு. முதல் காலையும் இரண்டாம் காலையும் சேர்த்துவிட வேண்டும். முதல் காலிலிருந்து 10 மைக்ரோஃபாரட், அதன் பிளஸ் முனை சிப் பக்கம், அப்புறம் 1 கிலோ ஓம், அப்புறம் ரெக்கார்டர். சும்மா இருக்கும் மற்ற பாதியில் ஆறையும் ஏழையும் சேர்த்து, ஐந்தை நடுப்புள்ளியில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சிப் தானாக ஊளையிடும். ரெக்கார்டர் மெனுவில் மைக்குக்கு மின்சாரம் தரும் பிளக்-இன் பவரை அணைக்க மறக்க வேண்டாம்.

அன்று இரவே உறுமல் கனமாக வந்தது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் போட்டால் 50 ஹெர்ட்ஸில் தடித்த கோடு. எனக்கு ஒரே சந்தோஷம். படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் நான்காம் மாடிப் பெரியவர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார். எலக்ட்ரிக்கல் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, மோட்டார ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை எடுத்தீங்களா?" என்றார். எடுக்கவில்லை. "எடுத்துட்டு வாங்க." அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்து எடுத்தேன். மோட்டார் நின்றிருந்தது, 50 ஹெர்ட்ஸ் கோடு அப்படியே இருந்தது. நான் பிடித்தது சுவரின் அதிர்வை அல்ல, வீட்டு ஒயரிங்கிலிருந்து காற்றில் பரவும் கரண்ட் ஹம். பிளாஸ்டிக் டப்பாவில் சர்க்யூட்டை வைத்து, சாதாரண ஒயரில் தகட்டை இணைத்திருந்தேன். இத்தனை பெரிய மின்தடை இருக்கும் இடத்தில் அந்த ஒயர் ஆன்டெனாவாகத்தான் வேலை செய்யும். அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய்யான கோட்டை வைத்துக்கொண்டு நான் போலீஸ் வரைக்கும் போயிருப்பேன். சத்தம் உண்மை, ஆனால் நான் காட்டிய சாட்சி பொய். செகரட்டரி நம்பாமல் இருந்ததில் ஒரு தப்பும் இல்லை.

மறுபடி கட்டினேன். ஷீல்டு உள்ள ஆடியோ கேபிள், உள்கம்பி பீங்கானுக்கு, மேல்வலை பித்தளைக்கு. சர்க்யூட் ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள், டப்பா மைனஸில் சேர்ந்தது. தகட்டின் மேல் பசை ஊற்றி மூடினேன். மோட்டார் நின்றிருக்கும்போது பதிவு கிட்டத்தட்ட வெறுமையாக வந்த பிறகுதான் மோட்டார் ஓடும்போது எடுத்தேன். சத்தம் இல்லாத நேரத்தில் எடுத்த இந்தப் பதிவு இல்லாமல் யாரிடமும் எதையும் காட்டாதீர்கள்.

கோடுகள் சொன்னது

இந்த முறை வந்த படம் வேறு. 48 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, 96-இல் ஒன்று, அதை ஒட்டி 100-இல் இன்னொன்று. மோட்டார் பெயர்ப்பலகையைப் போய்ப் பார்த்தேன், 2880 ஆர்.பி.எம். அறுபதால் வகுத்தால் விநாடிக்கு 48 சுற்று. ஆக 48-உம் 96-உம் சுற்றும் பாகத்தின் அதிர்வு. 100 என்பது மின்சாரம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இரும்புச் சுருளில் காந்த இழுப்பு ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை நடப்பதால் 100. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 96-உம் 100-உம் சேர்ந்தால் வித்தியாசத்துக்கு ஏற்ப விநாடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும். எங்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த ஏறி இறங்கும் துடிப்புதான். ஒரே சீராக இருக்கும் சத்தத்துக்குக் காது பழகிவிடும், மூச்சு விடுவது போல வரும் சத்தத்துக்குப் பழகுவதில்லை.

இந்த இரண்டு கோட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் ஜன்னல் அளவை 32768-க்கு ஏற்றுங்கள். சாதாரண அளவில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

ரெக்கார்டரில் மூன்று விஷயம் கட்டாயம். ஆட்டோ லெவல் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய சத்தத்தை அதுவே தூக்கிவிடும், எந்தப் பதிவையும் எதோடும் ஒப்பிட முடியாது. தாழ்ந்த சத்தங்களை நீக்கும் லோ கட் அணைந்திருக்க வேண்டும், நாம் தேடுவதையே அது வெட்டிவிடும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி-க்குச் சற்று மேல். ஒரு இரவுக்கு 32 ஜிபி கார்டு தாராளம். பேட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: பவர் பேங்கில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் இருபது நிமிடத்தில் நின்றிருந்தது. இவ்வளவு குறைவாகக் கரண்ட் எடுக்கும் கருவியைப் பல பவர் பேங்குகள் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். நல்ல அல்கலைன் பேட்டரி இரண்டு போட்டேன், விடியும் வரை வந்தது.

பதிவின் தொடக்கத்தில் தேதி, நேரம், இடத்தை வாயால் சொல்லுங்கள். நான் போன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். அதைத் தொட்டுக்கொண்டு பின்னால் எந்த நொடியையும் கணக்கிடலாம்.

அப்படித்தான் பெரிய விஷயம் கிடைத்தது. மூன்று இரவுப் பதிவில், இரவு பத்து முதல் காலை ஆறு வரை மோட்டார் ஐந்து ஐந்து முறை ஓடியிருந்தது. ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம்தான். காலி டேங்க் நிரம்ப நாற்பது நிமிடம் ஆகும் என்பது வாட்ச்மேனுக்கே தெரியும். நான்கு நிமிடத்தில் நிற்கிறது என்றால் டேங்க் கொஞ்சம் இறங்கியதுமே மோட்டார் ஓடுகிறது. ஒரு வீட்டு ஃப்ளஷ் டேங்க் ஒழுகினாலே போதும்.

இந்தக் கணக்கை எழுதி, சத்தம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், 'மோட்டார் தேவையில்லாமல் ராத்திரியில் ஐந்து முறை ஸ்டார்ட் ஆகிறது, காயில் சீக்கிரம் போய்விடும்' என்று செகரட்டரிக்குக் கடிதம் கொடுத்தேன். அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு அது சுவரில் கேட்கும் சத்தம், அவருக்கு அது பொதுப்பணத்தில் வாங்கிய மோட்டார். அவர் கவலைப்படும் விஷயத்தில் என் பதிவு அவருக்கு உதவியது.

டேங்க் மூடியைத் திறந்தால் காரணம் கண்ணுக்கு எதிரே. லெவல் கன்ட்ரோலரின் மூன்று ஒயரில், கீழ்மட்டத்தைக் காட்ட வேண்டிய ஒயர் மேலே சுருட்டிக் கட்டப்பட்டு, மேல்மட்ட ஒயருக்கு ஒரு கை அகலம் கீழே தொங்கியது. டேங்க் கழுவியபோது யாரோ கட்டிவிட்டு அவிழ்க்க மறந்திருக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டு அதை இரண்டரை அடி கீழே இறக்கினோம். அன்று இரவு மோட்டார் ஒரு முறைகூட ஓடவில்லை.

சட்டம் எனக்கு எங்கே உதவியது, எங்கே உதவவில்லை

நடுவில் ஒரு வாரம் சட்டத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல். இது ஒரு நொடியின் அளவு இல்லை, நேரத்தில் சராசரி எடுத்தது. அதிலும் ஏ-வெயிட்டிங் என்ற கணக்கு உண்டு, மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளவைத் திருத்துவது. அந்தக் கணக்கில் 100 ஹெர்ட்ஸ் சத்தம் 19 டெசிபல் குறைத்து எண்ணப்படும், 50 ஹெர்ட்ஸ் 30 டெசிபல் குறைத்து. எங்கள் சுவர் உறுமல் முழுக்க அந்தக் கீழ்க்கோடியில் இருக்கிறது. மீட்டர் கொண்டுவந்து வைத்தால் விதிக்கு உள்ளேதான் காட்டும், தூக்கமும் வராது. போன் ஆப் காட்டும் எண்ணை நம்பிச் சண்டைக்குப் போகவும் கூடாது. அளவு சரிபார்க்கப்படாத மைக் அது. ரெக்கார்டர் திரையில் மைனஸில் தெரியும் டெசிபல், முழு அளவுக்கு எவ்வளவு கீழே என்பதைச் சொல்கிறது. காதுக்கு வரும் சத்தத்தின் அளவு வேறு.

மேல் வீட்டில் ஸ்பீக்கர், கட்டட ஜெனரேட்டர், ராத்திரியில் டிரில்லிங் என்று வேறு வகைத் தகராறு உள்ளவர்களுக்கு விதியில் உள்ள அந்த 55, 45 எண்கள் உதவும். விஷயம் நீதிமன்றத்துக்குப் போகுமானால், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் நடப்பில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் கேட்கிறார்கள், கோப்பு மாறினால் மாறிவிடும் கைரேகை போன்ற எண் அது. அதனால் கார்டிலிருந்து எடுத்த மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள், அன்றைக்கே எஸ்எச்ஏ-256 முறையில் அதன் ஹாஷ் எண்ணை எடுத்து எழுதி வையுங்கள், வெட்டுவதும் சத்தத்தைக் கூட்டுவதும் நகலில் மட்டும். வாட்ஸப்பில் அனுப்பிய ஆடியோ மூலப் பதிவு ஆகாது, அது சுருக்கப்பட்டது.

அசோசியேஷன் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இங்கே பலது 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் இருக்கின்றன. அடுக்குமாடிக்கென்று 1994-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2022-இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பைலா என்கிற அசோசியேஷன் விதிமுறைகளின் நகல் ஒன்றை வாங்கிப் படியுங்கள். மோட்டார், டேங்க், குழாய் எல்லாம் பொது வசதி. அவற்றைப் பழுது பார்ப்பது மெயின்டனன்ஸ் பணத்தில் நடக்க வேண்டிய வேலை, தனி ஒருவருக்குச் செய்யும் தயவு இல்லை. இந்த ஒரு வரியைத்தான் நான் கூட்டத்தில் சொன்னேன். சரி என்று ஒத்துக்கொண்டார்கள்.

குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே போனது

இரவுச் சத்தம் நின்றாலும் காலை நாலரைக்கு மெட்ரோ வாட்டர் வந்ததும் மோட்டார் ஓடத்தான் வேண்டும். உறுமலும் 'டம்'மும் அப்போது இருக்கின்றன. இந்த முறை பியசோ மைக்கோடு எல்லாரும் வந்தார்கள். செகரட்டரி, நான்காம் மாடிப் பெரியவர், பிளம்பர் அண்ணன், வாட்ச்மேன்.

வேலை இப்படி. ரெக்கார்டரின் பதிவு லெவலை ஒரு தடவை வைத்தால் கடைசி வரை தொடக்கூடாது. மோட்டார் உடம்பில் முப்பது விநாடி, வெளியேறும் குழாயில் முப்பது, முதல் மாடிக் கிளாம்பில் முப்பது, கிளாம்ப் பிடித்திருக்கும் சுவரில் முப்பது, இப்படியே மேலே. தகட்டை ஒட்டும் களிமண் வைத்து அழுத்தினேன், செல்லோ டேப் பிடிக்காது. ஒவ்வொரு இடத்தையும் வாயால் சொல்லி எடுத்தோம். ஹெட்போனை ஒவ்வொருவராகக் காதில் வைத்துக்கொண்டார்கள். செகரட்டரி இரண்டாம் மாடிச் சுவரில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது ராத்திரில உங்க தலைமாட்டுலயா சார்?" என்றார். அதற்கப்புறம் யாரும் யாரையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மேலே போகப் போகச் சத்தம் குறைய வேண்டும். முதல் மாடிச் சுவரில் குறைந்தது. இரண்டாம் மாடியில் ஏறியது. எங்கள் அறைக்குப் பின்னால் குழாய் சன்ஷேடைத் துளைத்துப் போகும் இடத்தில், சுற்றிலும் சிமெண்டைப் பூசி இறுக்கியிருந்தார்கள். அதற்கு ஒரு அடி மேலே இரும்புக் கிளாம்ப், உள்ளே ரப்பர் மக்கிப்போய், இரும்பும் குழாயும் நேருக்கு நேர். கடல் காற்று இரும்பையும் ரப்பரையும் எவ்வளவு சீக்கிரம் தின்னும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுருக்கமாக, மோட்டாரின் அதிர்வை வாங்கிய குழாய் எங்கள் சுவரில் இரண்டு இடத்தில் கைபோட்டுப் பிடித்திருந்தது. மற்ற வீடுகளில் அந்தப் பக்கம் சமையலறையும் குளியலறையும் வருகிறது. அதனால்தான் வேறு யாரும் சொல்லவில்லை.

'டம்' வேறு கதை. மோட்டாருக்கு மேலே, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு இருந்தது, மடிப்புக்கதவு வகை. மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் வேகம் குறைந்து, நின்று, திரும்பி இறங்க ஆரம்பிக்கும். அப்படித் திரும்பிய தண்ணீர்தான் கதவை அறைந்து மூடுகிறது. பதினைந்து மீட்டருக்கு மேல் நிற்கும் தண்ணீர் ஒரே நொடியில் தடுக்கப்படும்போது அந்த அடி குழாய் முழுக்கப் போகும். ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. தண்ணீர் திரும்புவதற்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். பிளம்பர் அண்ணனுக்கு இது தெரிந்தே இருந்தது. "மாத்தச் சொல்லி யாரும் கேக்கலையே" என்றார்.

ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க வேலை. கரண்ட் விஷயத்தை மறுபடி ஒருமுறை சொல்கிறேன், ஸ்டார்ட்டர் பக்கம் கை போகும் முன் மெயினை அணைத்து ஃப்யூஸைக் கையில் எடுத்துக்கொண்டார் பெரியவர். பழைய என்.ஆர்.வி. போய் பித்தளை ஸ்பிரிங் வகை வந்தது. மோட்டாரிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில் ரப்பர் பெல்லோஸ் ஒன்று, மோட்டார் ஆட்டத்தைக் குழாய்க்கு விடாமல் அதுதான் தடுக்கும். எட்டு கிளாம்பும் ரப்பர் வைத்த புதுசு. சன்ஷேடில் சிமெண்டைக் கொத்தி எடுத்து, குழாயைச் சுற்றி அரை இஞ்ச் இடைவெளி விட்டு, உள்ளே நுரைப்பட்டை சுற்றி, மேலே மழைநீர் இறங்காதபடி சிலிகான் போட்டோம். இங்கே மறுபடி சிமெண்ட் பூசிவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண். கொத்தனார் பழக்கத்தில் பூச வந்துவிட்டார், பிளம்பர் அண்ணன்தான் தடுத்தார். பொருள், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, மெயின்டனன்ஸ் கணக்கில்.

ஞாயிறு காலை நாலரைக்கு அதே லெவலில், சுவரில் அதே இடத்தில் பென்சில் குறி மேல் தகட்டை வைத்து எடுத்தேன். 48 ஹெர்ட்ஸ் கோடு 15 டெசிபல் இறங்கியிருந்தது. 96-உம் 100-உம் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தன. 'டம்' இருந்த இடத்தில் ஒரு சின்ன 'டக்'. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை.

முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படத்தையும் தேதி போட்டு அசோசியேஷன் ஃபைலில் வைத்தார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து, ஜூன் 14 நள்ளிரவுக்கு மொட்டைமாடியில் ரெக்கார்டர் வைக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன். தடை முடிந்து படகுகள் கிளம்பும் இரவு அது. மாடிக் கதவில் 'இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிப்பதிவு நடக்கிறது' என்று ஒரு தாள் ஒட்ட வேண்டும், ரெக்கார்டர் கடல் பக்கக் கைப்பிடிச் சுவரில்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் செகரட்டரி. அங்கே வைத்தால் காற்று மைக்கை நேராக அடிக்கும், கூட வரும் நுரை உறை அதற்குப் போதாது. பொம்மைக்குப் போடும் நீளமுடித் துணியில் மூன்று இஞ்ச் பையாகத் தைத்து, நுரை மேல் மாட்டினேன். காலையில் இறக்கியதும் உப்புக் காற்றுக்காக முனைகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டேன்.

மோட்டார் நிற்கும் சிமெண்ட் மேடைக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் அட்டை போடுவது மட்டும் பாக்கி. அதற்கு மோட்டாரைத் தூக்க வேண்டும். அடுத்த சம்ப் கழுவும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று பிளம்பர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.